இரட்டைக் குழந்தை வண்டி வாங்குவது எப்படி? மதுரை வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

இரட்டைக் குழந்தை வண்டியை நாம் வாங்குவது ஒரு குறிப்பிட்ட வேளைக்காக. இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு பெரியவர், வெளியே போயே ஆக வேண்டிய வேலை. அம்மாச்சியோ அப்பத்தாவோ உடன் வந்தால் ஒரு பிள்ளை அவர்கள் இடுப்பில் ஏறிவிடும். சித்தப்பா வந்தால் மூத்தவன் அவர் தோளில் உட்கார்ந்துகொள்வான். யாரும் இல்லாத ஒரு வார நாளில் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த வேளைக்குத்தான் இந்த வண்டி.

ஆகவே எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். தனி ஆளாக இருப்பவர் இதைத் திறந்து, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றி, வாசல் இறக்கி, தெருவில் தள்ளிப் போய், திரும்பி வந்து மடக்கி வைக்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

மதுரைக் கடைகளில் ஒற்றை வண்டிகளே அதிகம். இரட்டை வண்டியைப் பெரும்பாலானோர் இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறார்கள். படத்தில் இருப்பது வழவழப்பான தரை. நிலைப்படியும் சாக்கடை மூடியும் வேகத்தடையும் அதில் இல்லை. அவற்றை நாம்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: எத்தனை மாதம் தேவைப்படும்?

ஒரு வாரம் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். இரண்டு பிள்ளைகளையும் தனி ஆளாக வெளியே அழைத்துச் சென்ற நேரங்களைக் குறியுங்கள். அழைத்துச் செல்ல முடியாது என்பதற்காகவே வீட்டில் இருந்துவிட்ட நேரங்களையும் சேர்த்துக் குறியுங்கள். பல வீடுகளில் தாய் மாதக்கணக்கில் வெளியே போகாமல் இருப்பது பழகிப்போய்விடுகிறது. அது ஒரு தேவையாகவே யார் கண்ணிலும் படுவதில்லை. வண்டியின் செலவை எடைபோடும்போது இந்த இரண்டாவது கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேறுகாலம் முடிந்த ஒரு பெண் மாலையில் அரை மணி நேரம் வெளிக்காற்றில் நடப்பது ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது பிள்ளைகளின் எடை. விலை குறைந்த வண்டிகளில் ஓர் இருக்கை தாங்கும் எடை பெரும்பாலும் 15 கிலோ என்று போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை இரண்டு வயதில் 12.2 கிலோ, மூன்று வயதில் 14.3 கிலோ, நான்கு வயதில் 16.3 கிலோ இருக்கும். பெண் குழந்தை சற்றே குறைவு. அதாவது மூன்றரை வயது வாக்கில் மூத்த பிள்ளை அந்த இருக்கைக்கு விடைகொடுத்துவிடும்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வண்டி ஓடும். ஒன்றரை வயது இடைவெளி என்றால் இரண்டு ஆண்டுகள் வரை. இடைவெளி மூன்று வயதுக்கு மேல் என்றால் இரட்டை வண்டியே தேவையில்லை. ஒற்றை வண்டியும் பின்னால் மாட்டும் ஒரு பலகையும் போதும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 12,000 ரூபாய் வண்டி 30 மாதம் ஓடினால் மாதத்துக்கு 400 ரூபாய். அதே வண்டி 10 மாதம் மட்டுமே ஓடினால் மாதத்துக்கு 1,200 ரூபாய். கட்டுப்படியாகும் விலை எது என்பது வண்டியின் விலைச் சீட்டில் இல்லை, இந்த வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

இரண்டாம் படி: அளவு நாடாவை எடுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வண்டி வாங்கவே கூடாது. நீங்கள் அன்றாடம் போகும் பாதையில் மிகக் குறுகலான இடம் எதுவோ, அதுதான் உங்கள் வண்டியின் அகலத்தை முடிவு செய்கிறது.

வீட்டு வாசலில் தொடங்குங்கள். கொத்தனார் கணக்கில் மூன்றடி வாசல் என்பது 91 சென்டிமீட்டர். ஆனால் நிலைச் சட்டத்தின் கனமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால் பல வீடுகளில் 80 சென்டிமீட்டருக்குள்தான் மிஞ்சும். இரண்டரை அடி வாசல் என்றால் இன்னும் குறைவு. மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய வீடுகளில் இரட்டைக் கதவு இருக்கும்; அன்றாடம் ஒரு கதவைத்தான் திறந்து வைப்பார்கள். மற்றக் கதவின் தாழ்ப்பாள் எளிதாக விலகுகிறதா, தனி ஆள் இரண்டையும் திறக்க முடியுமா என்று பாருங்கள். பெரிய இரும்பு கேட்டுக்குள் சிறு கதவு வைத்த வீடுகளிலும் இதே சிக்கல்தான்.

கதவை முழுவதும் திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடியும் தாழ்ப்பாளும் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கழியுங்கள். கிடைத்த எண்ணிலிருந்து மூன்று சென்டிமீட்டர் குறைத்து எழுதி வையுங்கள். அவசரத்தில் தள்ளும்போது விரல் நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

அடுத்து லிஃப்ட். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்ட் கதவின் அகலத்தை மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் ஆழத்தையும் அளக்க வேண்டும். முன்பின்னாக இருக்கை வைத்த வண்டி கதவுக்குள் நுழைந்துவிடும். பிறகு கதவு மூடாது.

வாசல் படிகளை எண்ணுங்கள். 12 கிலோ வண்டி, இரண்டு வயதுப் பிள்ளை, பிறந்த குழந்தை எல்லாம் சேர்ந்து 27 கிலோவுக்கு மேல். ஒரு படி என்றால் கைப்பிடியை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றிவிடலாம். மூன்று படிக்கு மேல் என்றால் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு தனி ஆள் ஏற்றி இறக்கக் கூடாது. வண்டியை முதலில் இறக்கி, பிரேக் போட்டு, பிறகுதான் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைக்க வேண்டும். இருசக்கர வாகனம் ஏற்ற வாசலில் சிமென்ட் சாய்தளம் வைத்திருப்பவர்கள் அதன் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஒரே சக்கரம் ஏறும் அளவுக்குக் கட்டிய சாய்தளம் இந்த வண்டிக்கு உதவாது.

கடைசியாக வாகனம். காரில் வைப்பதாக இருந்தால் பின்பெட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எரிவாயு உருளை பொருத்திய சிறிய கார்கள் பலவற்றில் பின்பெட்டி ஏறக்குறைய நிறைந்துவிடும். அப்படியானால் வண்டி பின் இருக்கையில்தான் போக வேண்டும், பிள்ளைகளுக்கு இடம் இராது. ஆட்டோவில் போகிறவர்கள், தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டு இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தை அளந்து கொள்ளுங்கள். குடைபோல் மடங்கும் இரட்டை வண்டி மடக்கிய பிறகும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நகரப் பேருந்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பெரியார் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு நெரிசலான பஸ்ஸில் இரண்டு கைப்பிள்ளைகளோடு தனி ஆள் இரட்டை வண்டியை ஏற்றி இறக்க முடியாது. உங்கள் பயணம் பெரும்பாலும் பஸ்ஸில்தான் என்றால், சிறியதை மார்போடு கட்டிக்கொள்ளும் துணித் தூளியும் மூத்ததற்கு இலகுவான ஒற்றை வண்டியும் வாங்குங்கள். பணமும் மிச்சமாகும்.

மூன்றாம் படி: வகையைத் தீர்மானியுங்கள்

பக்கத்தில் பக்கமாக இருவர் உட்காரும் வண்டிதான் இன்று மலிவான விலையில் அதிகம் கிடைப்பது. அகலம் பொதுவாக 72 முதல் 80 சென்டிமீட்டர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான பார்வை, ஒரே மாதிரியான காற்று. எடை இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் எளிதில் கவிழாது. ஒருவன் மற்றவனின் தலைமுடியைப் பிடித்து இழுப்பான் என்பது மட்டும் குறை. அதுவும் சில வாரங்களில் விளையாட்டாக மாறிவிடும். இவற்றில் குடைபோல் மடங்குபவை இலகுவானவை. இந்த மடக்கு முறையை 1965-இல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றியவர் அவர். அலுமினியக் குழாயில் அவர் செய்த முதல் ஒற்றை வண்டி மூன்று கிலோகூட இல்லை. இன்றைய இரட்டைக் குடை வண்டிகள் 9 முதல் 12 கிலோ வரை இருக்கின்றன. 10 கிலோவுக்குள் கிடைத்தால் அதற்கு ஓராயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன். தூக்கப்போவது நம் முதுகு, அதுவும் பிரசவத்துக்குப் பிந்தைய முதுகு.

முன்னும் பின்னுமாக இருக்கை வைத்த வண்டி ஒற்றை வண்டியின் அகலமே இருப்பதால் எந்தக் கதவிலும் நுழையும். சந்துக்குள் வீடு இருப்பவர்களுக்கு, பக்க வண்டி நுழையவே நுழையாது என்று நாடா சொல்லிவிட்டவர்களுக்கு, இதுதான் வழி. ஆனால் நீளம் அதிகம், எடை அதிகம், வேகத்தடையில் முன்சக்கரத்தைத் தூக்குவது கடினம். மலிவான வகைகளில் பின் இருக்கைப் பிள்ளை முன் இருக்கையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். முன்னால் இருப்பவனை முதலில் இறக்கிவிட்டால் எடை முழுவதும் பின்னால் போய்ச் சில வண்டிகள் மல்லாந்து விழுகின்றன. கடையிலேயே இதைச் சோதித்துவிட வேண்டும்.

மூத்த பிள்ளைக்கு இரண்டரை வயது தாண்டியிருந்தால், ஒற்றை வண்டியின் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை நல்ல யோசனை. பிள்ளை அதில் நின்றபடி வரும். சிலவற்றில் சிறு இருக்கையும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே நல்ல ஒற்றை வண்டி இருந்தால் இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை. பலகை உங்கள் வண்டியின் பின்குழாய்க்குப் பொருந்துமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூத்த பிள்ளை நடுவழியில் தூங்கிவிடும் பழக்கம் உள்ளதென்றால் பலகை சரிப்படாது.

இரண்டு ஒற்றை வண்டிகளை ஒன்றாகப் பூட்டும் இணைப்பான்களும் விற்பனையில் உள்ளன. ஒரே மாதிரியான இரண்டு வண்டிகள் உறவினர் வீட்டிலிருந்து இலவசமாக வந்தால் யோசிக்கலாம். மற்றபடி, பூட்டிய பிறகு அகலம் பெரும்பாலான வாசல்களைத் தாண்டிவிடும். தெருவில் வைத்துப் பூட்டிக் கழற்ற வேண்டும். தனி ஆளுக்கு அது ஆகாத வேலை.

நான்காம் படி: கைக்குழந்தை இருந்தால்

இங்கே விலையைப் பார்த்துச் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கி, தாடை மார்பில் பட்டு, மூச்சுக் குழாய் நெருங்கும். குழந்தை அழாது, துடிக்காது. தூங்குவது போலவே இருக்கும். அதனால்தான் முழுக்கத் தாழாத இருக்கைகளை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே அச்சிடுகிறார்கள். அந்த வரியைப் படியுங்கள். "பிறந்தது முதல்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கையேட்டில் "ஆறு மாதம் முதல்" என்று போட்டிருந்தால் கையேட்டையே நம்புங்கள்.

கைக்குழந்தைக்காக வாங்கும்போது குறைந்தது ஓர் இருக்கையாவது படுக்கை நிலைக்குத் தாழ வேண்டும். இரண்டு இருக்கைகளும் தனித்தனியாகத் தாழ்ந்து நிமிர வேண்டும். ஒருவன் தூங்கும்போது மற்றவன் வேடிக்கை பார்ப்பான். இரண்டும் சேர்ந்தே சாயும் அமைப்பு அன்றாடம் தொல்லை தரும். முழுக்கத் தாழும் வண்டி பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றால், முதல் ஆறு மாதம் குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்டு மூத்ததை மட்டும் வண்டியில் வைத்துத் தள்ளுங்கள். இரட்டை வண்டியைப் பிறகு வாங்கலாம். தூளியிலும் குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அரிசிப் பையோடு சோதியுங்கள்

வெறும் வண்டியைக் கடையின் டைல்ஸ் தரையில் தள்ளிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு பைகளில் அரிசி எடுத்துப் போங்கள். ஒன்றில் 10 கிலோ, மற்றொன்றில் 5 கிலோ. கடைக்காரர் வியப்பாகப் பார்க்கலாம். பரவாயில்லை, பத்தாயிரம் ரூபாய் கொடுக்கப்போவது நீங்கள். பைகளை இருக்கைக்கு ஒன்றாக வைத்து வாரைப் பூட்டுங்கள். வயதில் மூத்தது ஒரு பக்கம், சிறியது மறு பக்கம் என்ற எடை வேறுபாடு அப்போதுதான் தெரியும்.

இப்போது ஒரு கையால் தள்ளுங்கள். மற்றொரு கை எப்போதும் எதற்காவது வேண்டியிருக்கும். வண்டி கனமான பக்கம் இழுத்துக்கொண்டு போனால் சட்டம் மெலிது என்று பொருள். அதே இடத்தில் வட்டமடித்துத் திருப்பிப் பாருங்கள். கடை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து படியில் ஏற்றி இறக்குங்கள். சாய்வான இடத்தில் நிறுத்திப் பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும் வகை நல்லது. தனித்தனிப் பிரேக் என்றால் அவசரத்தில் ஒன்றை மறந்துவிடுவோம். செருப்புக் காலால் மிதித்து எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்; பல பிரேக்குகளைக் கால்விரலால் மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும், ஷூ போடாத நம் கால்களுக்கு அது வலிக்கும்.

கைப்பிடியின் உயரத்தைத் தள்ளப்போகிறவரே வந்து பார்க்க வேண்டும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் ஆறடி உயரக் கணவருக்கும் ஒரே கைப்பிடி ஒத்துவராது. தாழ்த்தி உயர்த்தும் வசதி மலிவான வண்டிகளில் இராது. தனி ஆளாக அதிகம் தள்ளப்போவது யாரோ, அவர் உயரத்துக்கு வாங்குங்கள்.

பிறகு மடக்குங்கள். கையில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு மடக்கிப் பாருங்கள். மடங்கும் மூட்டுகளில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் குடை வண்டிகள், இரட்டை வண்டிகள் உட்பட, திரும்ப அழைக்கப்பட்டன. மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான 12 நிகழ்வுகள் அங்கே பதிவாகியிருந்தன. மூட்டுகளுக்கு மூடி மாட்டித் தந்தார்கள். அவ்வளவு பேர்பெற்ற வண்டியிலேயே நடந்தது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! வண்டியைத் திறக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வார் ஐந்து முனைகளைக் கொண்டதாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பு வார் மட்டும் உள்ள வண்டியில் இரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நின்றுவிடும். இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரக் குறியோ, ஏ.எஸ்.டி.எம். எஃப்833 என்ற அமெரிக்கத் தரக் குறியோ வண்டியிலோ கையேட்டிலோ இருந்தால் நல்ல அறிகுறி.

சக்கரத்தைப் பற்றி ஒரு பத்தி தனியாகவே எழுத வேண்டும். மதுரையில் பேவர் பிளாக் போட்ட தெருக்கள் ஏராளம். நடுநடுவே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளங்களும் உண்டு. ஆறு அங்குலத்துக்குக் குறைந்த சிறு சக்கரங்கள் ஒவ்வோர் இடுக்கிலும் தட்டும். அதிர்வு நேராகக் குழந்தையின் தலைக்குப் போகும். மெல்லிய சக்கரங்கள் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டால் வண்டி சட்டென்று நின்று முன்னால் சாயும். ஏழு, எட்டு அங்குலச் சக்கரமும் முன்சக்கரத்தில் ஒரு சிறு சுருள்வில்லும் இருந்தால் நம் தெருக்களுக்குப் போதும். காற்றடைத்த பெரிய சக்கரம் மிருதுவாக ஓடும். பன்னிரண்டு அங்குல அளவு என்றால் சிறுவர் சைக்கிளுக்குப் போடும் டியூபே பல வண்டிகளுக்குப் பொருந்தும், தெருமுனைச் சைக்கிள் கடையிலேயே பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அத்தகைய வண்டிகள் கனமானவை, மடக்கினாலும் பெரியவை. வீட்டிலிருந்து நடந்தே எல்லா இடத்துக்கும் போகிறவர்கள் மட்டும் அதை யோசியுங்கள்.

ஆறாம் படி: பணம்

இந்திய நிறுவனங்களின் புதிய இரட்டை வண்டிகள் ஏறத்தாழ 8,000 ரூபாயில் தொடங்கி 15,000 வரை போகின்றன. 12,000-க்கு மேல் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் துணியின் அழகுக்கும் குவளை வைக்கும் தட்டுக்கும் போகிறது. பணத்தைச் சக்கரம், வார், பிரேக், சாயும் இருக்கை ஆகிய நான்கில் தேடுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். கொசு வலையை வண்டியோடு வாங்கினால் தனி விலை வைப்பார்கள். நைலான் வலைத் துணி வாங்கி ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தால் அதே வேலை நடக்கும்.

நம் பக்கத்தில் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வரும். "என்ன வேண்டும், சொல்லுங்கள் அக்கா" என்று தம்பி கேட்டால் கூச்சப்படாமல் இந்த வண்டியைச் சொல்லுங்கள். தட்டு தட்டாக வரும் பொம்மைகளையும் இரண்டு மாதத்தில் சிறுத்துப்போகும் உடைகளையும் விட இது அக்காவுக்கு உண்மையில் கைகொடுக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிக் கொடுக்கவும் ஏற்ற பொருள்.

பழைய வண்டி வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இரட்டை வண்டிகள் அதிக காலம் ஓடாமலே விற்பனைக்கு வருகின்றன. நல்ல நிலையில் இருந்தால் புதிய விலையில் பாதிக்குள் கேளுங்கள். நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். சட்டத்தை விரலால் தடவி வளைவும் விரிசலும் தேடுங்கள். மூட்டுகளில் பூட்டு விழும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். வார்க் கொக்கிகளைப் பூட்டிப் பலமாக இழுங்கள். ஒரு கொக்கி உடைந்திருந்தாலும் வேண்டாம். கயிறு கட்டிச் சரிசெய்யலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். துணி அழுக்காக இருப்பது குறையே இல்லை. கழற்றித் துவைத்து மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் போட்டால் புதுத் துணியாகிவிடும். தயாரிப்பாளரின் பெயரையும் மாதிரி எண்ணையும் இணையத்தில் தேடி, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவினர் இருந்தால் அங்கே பழைய வண்டிகள் மிக மலிவாகக் கிடைக்கும். கைக்குழந்தையோடு பயணம் செய்பவர் வண்டியைத் தனிக் கட்டணமின்றிக் கொண்டுவரப் பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வெயிலையும் தெருவையும் நினைத்து

மதுரைக் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் சாதாரணம். வண்டியில் இருக்கும் பிள்ளை தார்ச்சாலைக்கு நம்மைவிட அருகில் இருக்கிறது. தரையின் அனலும் வாகனப் புகையும் அதற்குத்தான் அதிகம். காலை எட்டரைக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும் என்று நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெயில் படாமல் இருக்கட்டும் என்று வண்டியின் மேல் துப்பட்டாவையோ மெல்லிய துண்டையோ மூடிவிடுகிறோம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறுகிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில் உலர்ந்த மெல்லிய துணி போர்த்தியபோது வண்டிக்குள் வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. அதே துணியை நனைத்துப் போட்டபோது ஏறத்தாழ ஐந்து டிகிரி குறைந்தது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் நனைக்க வேண்டும். நம் ஊர்க் காற்று கடற்கரை ஊர்களைப் போல ஈரமாக இல்லாததால் ஈரத்துணி இங்கே நன்றாகவே வேலை செய்யும். துணி எப்படி இருந்தாலும் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். வாங்கும்போதே குடைக்கூரை நெற்றிக்கு முன்னால் வரை நீள்கிறதா, முதுகுப்பக்கம் காற்று வர வலை இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் துணி, வெளியே தெரியும் உலோகக் கொக்கி இரண்டையும் தவிர்ப்பது நல்லது. வெயிலில் நின்ற வண்டியில் பிள்ளையை வைக்கும் முன் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கெல்லாம் வண்டி சுகமாக ஓடும்? வாகனங்கள் நுழையாத சித்திரை வீதிகளில் கூட்டம் இல்லாத காலை வேளை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிய நடைபாதை. ராஜாஜி பூங்கா, காந்தி அருங்காட்சியக வளாகம். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு, லிஃப்டும் உண்டு; இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாலையைக் கழிக்க நல்ல இடம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். தேரோட்டத்தன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் பிள்ளை பெரியவர் தோளில்தான் இருக்க வேண்டும். மலைப்படி ஏறும் கோயில்களுக்கும் அப்படியே.

காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். பிள்ளையை இறக்கிய நொடியில் வண்டி பின்னால் சாய்ந்துவிடும். மற்றப் பிள்ளை இன்னும் உள்ளே இருக்கும். பையைக் கீழ்க் கூடையில் வையுங்கள், அல்லது தோளில் மாட்டுங்கள். நின்றால் பிரேக், பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்க நின்றாலும் பிரேக்.

எட்டாம் படி: பராமரிப்பு

இது சின்ன வேலைதான். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடி, நூல், பூக்கட்டிய நார் ஆகியவற்றை எடுத்துவிட்டு, சைக்கிள் கடையில் கிடைக்கும் மசகு எண்ணெயை ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை இழுத்துப் பிசினாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆணிகளையும் திருகி இறுக்குங்கள், பேவர் பிளாக் அதிர்வில் அவை தளரும். மழையில் நனைந்தால் விரித்தபடியே நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும்.

இணையத்தில் வாங்கியவர்கள் வண்டி வந்த அன்றே அதை வாசலில் நுழைத்து, லிஃப்டில் ஏற்றி, ஆட்டோவில் வைத்துப் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல், விலைச் சீட்டைப் பிய்க்காமல் வையுங்கள். கெடு முடிந்த பிறகு பெட்டியைத் தட்டையாக மடித்துப் பரணில் போடுங்கள். கையேடு, உபரி ஆணிகள், கழற்றி வைத்த முன்கம்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதனுடன் கட்டிவிடுங்கள். எல்லா உறுப்பும் கையேடும் சேர்ந்து இருக்கும் வண்டிக்கு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு விற்கும்போது நல்ல விலை கிடைக்கும்.